லாச்சித் திறப்பும் கணனிக் கடவுச்சொல்லும்

எங்கள் வாப்பாவின் கடையில் ஒரு சிவப்புக் கொப்பி இருந்தது. யார் யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கடை மேசையின் லாச்சிக்குள் அதை வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பு வாரில் போட்டுக்கொள்வார். கடையில் இரண்டாவது ஆள் ஒருவர் நின்றால் அந்தக் கொப்பியைத் திறக்கவே மாட்டார். "கொஞ்சம் இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பார்ப்போம்" என்று கடன்காரரை உட்கார வைத்துவிட்டு, மற்றவர் போன பிறகுதான் கணக்குப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தின் பெறுமதி, என் கடையில் ஒரு பிழை நடந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில் அக்குறணையைத் தாண்டி வந்தால் அலவத்துகொட. இங்கேதான் என் கடை. பலசரக்கு விற்கிறேன். அத்துடன் மிளகு, கராம்பு, சாதிக்காய் கொள்வனவும் உண்டு. சுற்றியுள்ள கிராமத்தவர்கள் வருடம் முழுக்க சாமான் எடுப்பார்கள். மிளகு பறிக்கும் காலத்தில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிக் கணக்கை நேர் செய்வார்கள். ஆகவே கடன் கணக்கு இல்லாமல் எங்கள் வியாபாரம் ஒரு நாளும் ஓடாது. நான் சாதாரண தரம் வரை படித்தவன். கணனி வகுப்புக்குப் போனவனும் அல்ல. இதை ஒரு நிபுணரின் பாடமாக எடுக்காமல், சூடு கண்ட ஒரு வியாபாரியின் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கொப்பி கணனிக்குள் போன கதை

கொப்பிகள் பெருத்துவிட்டன, எழுத்துப் பிழைகள் கூடிவிட்டன என்று பார்த்து, என் தாத்தாவின் மகன் எங்கள் கடைக்கென்றே ஒரு கணக்கு மென்பொருள் செய்து தந்தான். கணனி படித்த பிள்ளை. பணம் ஒன்றும் கேட்கவில்லை. இணையத்தளம் செய்யப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் பாவிக்கும் 'எக்ஸாம்ப்' என்ற இலவசத் தொகுதியைக் கடைக் கணனியில் போட்டு, அதற்கு மேல் எங்கள் கணக்கை ஓட வைத்தான்.

இந்த எக்ஸாம்ப் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓர் இணையத்தளம் இயங்குவதற்கு மூன்று ஆட்கள் தேவை. பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் சேர்வர் ஒன்று. அதற்குப் பெயர் அப்பாச்சி. தகவல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கும் தரவுத்தளம் ஒன்று. முன்பு அது மைஎஸ்கியூஎல், இப்போது அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. இரண்டுக்கும் இடையில் நின்று வேலை செய்யும் மொழி ஒன்று. அதுதான் பிஎச்பி. இவற்றை ஒவ்வொன்றாக நிறுவுவது தலையிடி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று ஜேர்மனியில் 2002 ஆம் ஆண்டு 'அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயரில் ஆரம்பித்த வேலைதான் எக்ஸாம்ப். மைஎஸ்கியூஎல்லைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கல் விடேனியஸ், தன் மூத்த மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். பின்னர் இளைய மகள் மரியாவின் பெயரை மரியாடிபிக்கு வைத்தார். மகளின் பெயர் வைத்த பொருளை யாரும் கவனமில்லாமல் பாவிக்க விரும்ப மாட்டார்கள். கவனமில்லாமல் பாவித்தவன் நான்தான்.

மருமகன் மேல் குறை சொல்ல மாட்டேன். செய்து முடித்த அன்றே நான் ஒரு கேள்வி கேட்டேன். "மகன், இதுக்குப் பூட்டு ஒன்றும் இல்லையா?" அவன் சொன்னான், "மாமா, இது லோக்கல்தானே, வெளியில போகாது." எனக்கு அது போதுமாக இருந்தது. லோக்கல் என்றால் என் கடைக்குள் என்றுதான் நான் நினைத்தேன்.

போனில் தெரிந்த கடன் கொப்பி

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம். அதுவரை ஒரு சதம் கடன் வைக்காதவர்கள்கூட அந்த வருடம் என் கடையில் கடன் எழுதினார்கள். அரிசியும் பருப்பும் பால்மாவும் எடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு "எழுதிக்கொள்ளுங்க ஹாஜியார்" என்று சொல்லிப் போனவர்கள் அவர்கள். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவரும் அவர்களில் ஒருவர். அந்தப் பெயர்கள் எல்லாம் கணனியில் ஏறின. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், தரவேண்டிய தொகை எல்லாமே இருந்தன.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை. மிளகு நிறுக்கும்வரை காத்திருப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, கடையின் வைஃபை கடவுச்சொல்லை ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு பிள்ளை, தன் மூத்தவாப்பாவுடன் வந்து வாங்கில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான். "ஹாஜியார், கோவிக்க வாணாம். உங்கட கடன் கணக்கு என்ட போன்ல தெரியுது."

வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பெயர்களும் தொகைகளும். பக்கத்தில் 'திருத்து', 'அழி' என்ற இரண்டு பொத்தான்கள் வேறு. அவன் விரும்பியிருந்தால் தன் மூத்தவாப்பாவின் கடனை அந்த இடத்திலேயே பூச்சியம் ஆக்கியிருக்கலாம். அல்லது மொத்தக் கணக்கையும் ஒரு தட்டில் அழித்திருக்கலாம். அல்லாஹ் காப்பாற்றினான், வந்தவன் நல்ல பிள்ளை.

ஆனால் அவன்தான் முதலில் பார்த்தவனா? அதுதான் என்னை உறுத்தியது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன், அந்த ஆசிரியரின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து, "மாஸ்டருக்குக் கடையில் இவ்வளவு கடனாமே" என்று தொகையைச் சரியாகச் சொல்லி ஒரு கதை வந்தது. அந்தத் தொகை எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. அது என் கணனியிலிருந்து போனதா, வேறு வாயிலிருந்து போனதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஏனென்றால் கணக்கைத் திறந்த எல்லோரும் கணனியின் கண்ணுக்கு ஒரே ஆள்தான். கடவுச்சொல் இல்லாத இடத்தில் யார் வந்தார், யார் போனார் என்ற பதிவும் பயன்படாது.

எப்படி நடந்தது?

அன்று இரவு மருமகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் விளங்கப்படுத்தியதை என் பாஷையில் சொல்கிறேன்.

தரவுத்தளத்துக்கு 'ரூட்' என்று ஒரு பாவனையாளர் உண்டு. எல்லா அதிகாரமும் உள்ள முதலாளி அவர். எக்ஸாம்பை நிறுவும்போது இந்த ரூட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது, வெறுமையாக இருக்கும். இது ஒளித்து வைத்த குறை அல்ல. இது மென்பொருள் செய்பவர்கள் தங்கள் மேசையில் வைத்துப் பழகுவதற்கானது, வேலைக்கு விடும் இடத்துக்கானதல்ல என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் பழகும் சைக்கிளில் மூட்டை ஏற்றினோம்.

தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க, அந்தத் தொகுதியுடனேயே 'பிஎச்பிமைஅட்மின்' என்ற பக்கம் ஒன்று வருகிறது. எக்ஸாம்பில் அது கடவுச்சொல் கேட்காது. தானாகவே ரூட்டின் பெயரில் உள்ளே போய்விடும். புதிய பதிப்புகளில் அந்தப் பக்கத்தை அதே கணனியில் மட்டுமே திறக்கலாம் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் களஞ்சியத்திலும் ஒரு கணனி இருக்கிறது. அங்கிருந்தும் பார்க்க வேண்டும் என்று நான்தான் தொல்லை கொடுத்தேன். மருமகன் அந்த ஒரு வரியை 'எல்லோருக்கும் அனுமதி' என்று மாற்றிவிட்டான். விண்டோஸின் காவல்காரனும், அதாவது ஃபயர்வோலும், ஒரு முறை கேட்டிருக்கிறது. 'அனுமதி' என்று தட்டியிருக்கிறோம். யார் வாசித்துப் பார்த்துத் தட்டுகிறார்கள்?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரூட் என்ற பெயரில் வெளிக் கணனியிலிருந்து நேரடியாகத் தரவுத்தளத்துக்குள் வர முடியாது, உள்ளிருந்து மட்டும்தான் வரலாம் என்று அதற்கும் ஒரு விதி இருக்கிறது. ஆனால் பிஎச்பிமைஅட்மின் அதே கணனிக்குள் இருந்து கேட்கிறது. ஆகவே தரவுத்தளம் "வீட்டு ஆள்தான் கேட்கிறார்" என்று நம்பிக் கொடுத்துவிடுகிறது. கடைப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். லாச்சியைத் திறக்க அவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வாசலில் யார் வந்து கேட்டாலும் போய்த் திறந்து கொண்டுவந்து காட்டுகிறான். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் என்ன?

'லோக்கல்' என்ற சொல்லில்தான் நாங்கள் ஏமாந்தோம். ஒரு கணனிக்குள் மட்டும் இருப்பதும் லோக்கல்தான். ஒரே வைஃபையில் இருக்கும் எல்லாக் கணனியும் போனும் சேர்ந்ததும் லோக்கல்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம், லாச்சிக்கும் கடை வாசலுக்கும் உள்ள வித்தியாசம். கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டியதால் வாசலையும் நான்தான் திறந்து வைத்தேன்.

உலகத்தில் நடந்தவை

இது அலவத்துகொடயில் மட்டும் நடக்கும் சின்னக் கதை என்று யாரும் நினைக்கக்கூடாது. 2005 ஜனவரியில் மைஎஸ்கியூஎல் போட்டிருந்த விண்டோஸ் கணனிகளை ஒரு புழு தாக்கியது. அது பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. வழமையாக மனிதர்கள் வைக்கும் கடவுச்சொற்களின் நீண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ரூட்டின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அதற்கே ஆயிரக்கணக்கான கணனிகள் திறந்துகொடுத்தன. 2016 இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், கமராக்களுக்கும் ரவுட்டர்களுக்கும் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சோடி அளவில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க இலட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. வாங்கிய நாளிலிருந்து மாற்றாமல் விட்ட கடவுச்சொல், கடவுச்சொல் இல்லாததற்குச் சமம்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். என் கடையில் இது நடந்த அதே 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில், இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பழைய பதிப்பு மென்பொருள் பாவனையில் இருந்ததும், அந்தக் காலப்பகுதிக்கு மேலதிகப் பிரதி இல்லாததும்தான் காரணங்களாக வெளிவந்தன. அரசாங்கத்துக்கே இப்படி என்றால் கடைக்காரன் எம்மாத்திரம்?

இன்னும் ஒன்று. 2024 ஜூன் மாதம், விண்டோஸில் ஓடும் பிஎச்பியில் ஒரு பெரிய ஓட்டையைத் தாய்வான் நாட்டு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டார். எக்ஸாம்ப் வந்தபடியே நிறுவிய விண்டோஸ் கணனிகளில் இந்த ஓட்டை திறந்தே இருந்தது. சீன, ஜப்பானிய மொழி விண்டோஸில் இது உறுதிப்படுத்தப்பட்டது. திருத்திய பதிப்பு உடனே வந்தது. ஆனாலும் இரண்டு நாளுக்குள் கப்பக்காரர்கள் அதைப் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். இதன் பாடம் என்ன? கடவுச்சொல் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. பூட்டு நல்லதாக இருந்தாலும் கதவுப் பலகை உக்கிப்போயிருந்தால் கள்ளன் பலகையைத்தான் உடைப்பான். புதிய பதிப்பு வந்தால் அதைப் போட வேண்டும்.

நாங்கள் செய்தவை

மருமகனும் நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கடையிலும் இப்படி ஒரு பிள்ளை செய்து கொடுத்த மென்பொருள் இருந்தால், இந்தப் பக்கத்தை வெட்டி அவரிடம் கொடுங்கள்.

முதலாவது, மொத்தக் கணக்கையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்போதுதான் இன்னொரு பிழை கண்ணில் பட்டது. பழைய பிரதிகளை எல்லாம் இணையப் பக்கங்கள் இருக்கும் அதே கோப்புறைக்குள் போட்டு வைத்திருந்தோம். போனில் முகவரியைத் தட்டினால் அந்தக் கோப்புறையின் பட்டியலே தெரிந்தது. ஒவ்வொரு மாதக் கணக்கையும் யாரும் இறக்கிக்கொண்டு போகலாம். லாச்சியைப் பூட்டிவிட்டு கொப்பியின் பிரதியை மேசையில் வைத்த கதை. அவற்றை எல்லாம் அகற்றினோம்.

இரண்டாவது, மாற்றிய அந்த ஒரு வரியைப் பழையபடி 'இந்தக் கணனிக்கு மாத்திரம்' என்று ஆக்கினோம். களஞ்சியத்தில் இருப்பவருக்குத் தரவுத்தளம் தேவையில்லை. அவருக்குத் தேவை கணக்கு மென்பொருள் மட்டும்தான்.

மூன்றாவது, ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்தோம். இங்கே பலர் விடும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்தவுடன் பிஎச்பிமைஅட்மின் திறக்காது, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று காட்டும். உடனே பயந்து, அதன் அமைப்புக் கோப்புக்குள் புதிய கடவுச்சொல்லை எழுதி வைத்துவிடுவார்கள். பக்கம் மறுபடி திறக்கும். ஆனால் யார் வந்தாலும் திறக்கும்! திறப்பைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போல. சரியான வழி, அந்தக் கோப்பில் நுழையும் முறையை 'கொன்ஃபிக்' என்பதிலிருந்து 'குக்கி' என்பதற்கு மாற்றுவது. அப்போது வரும் ஒவ்வொருவரிடமும் அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

நான்காவது, கணக்கு மென்பொருளுக்கென்று தனியாக ஒரு பாவனையாளரை உண்டாக்கினோம். அதற்கு எங்கள் கணக்கைப் பார்க்கவும் எழுதவும் திருத்தவும் மட்டும் அதிகாரம். அழிக்கும் அதிகாரம் இல்லை. காசாளருக்கு இரும்புப் பெட்டியின் திறப்பைக் கொடுக்கிறோமா? இல்லையே. மென்பொருளுக்கும் அப்படித்தான்.

ஐந்தாவது, கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும். முன்பு எல்லோரும் ஒரே பெயரில்தான் நுழைந்தோம். இப்போது எந்தத் தொகையை யார் எத்தனை மணிக்கு மாற்றினார் என்று பதிவாகிறது. இது வேலைக்காரர்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல. பிழை நடந்தால் நிரபராதி மேல் பழி விழாமல் இருப்பதற்கும் இதுதான் பாதுகாப்பு. அந்தக் கடவுச்சொற்களை அப்படியே எழுத்தாகச் சேமிக்காமல், திரும்ப வாசிக்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் வசதி 2013 இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. உங்களுக்கு மென்பொருள் செய்து தருபவரிடம், "என் கடவுச்சொல்லை உங்களால் வாசிக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் வேலை சரியில்லை.

ஆறாவது, வாடிக்கையாளர்களுக்கான வைஃபையை வேறாகப் பிரித்தோம். இப்போது வரும் ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தாளிகளுக்கென்று தனி வலை போடும் வசதி இருக்கிறது. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லையும் மாற்றினோம்.

ஒரு காலை நேரப் பாடம்

இரண்டாவது இரவு ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கினோம். காலையில் கடை திறந்தால் மென்பொருள் வேலை செய்யவில்லை. வாசலில் மூட்டைகளுடன் ஆட்கள். விசயம் என்னவென்றால், எங்கள் மென்பொருள் தரவுத்தளத்துடன் பேசும் இடம் இரண்டு கோப்புகளில் இருந்தது. ஒன்றில் மட்டும் புதிய பாவனையாளரைப் போட்டிருந்தோம். மற்றது இன்னும் கடவுச்சொல் இல்லாத ரூட்டைத் தேடிக்கொண்டிருந்தது. மருமகன் வந்து சேரும்வரை பழைய பில் கொப்பியை எடுத்துத் தூசு தட்டினேன். ஆகவே இதைச் செய்பவர்கள் கடை பூட்டியிருக்கும் நாளில் செய்யுங்கள். பழைய பெயர் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று முதலில் தேடி எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் கடையை மூடிவிட்டால், அடுத்த நாளே "இந்தப் பூட்டெல்லாம் வேணாம்" என்று எங்களுக்கே தோன்றிவிடும்.

எப்படிப்பட்ட கடவுச்சொல்?

கடையின் பெயர், மகளின் பெயர், வாகன இலக்கம், ஒன்று இரண்டு மூன்று நான்கு. எங்கள் ஊரில் முக்கால்வாசிக் கடைகளின் கடவுச்சொல்லை நானே ஊகித்துவிடுவேன். முன்பு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் கலந்து வையுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்று சொன்னார்கள். 2003 இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்துக்காக அந்த அறிவுரையை எழுதிய பில் பேர் என்பவரே, 2017 இல் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். அதே நிறுவனம் அந்த வருடம் வெளியிட்ட புதிய வழிகாட்டியில், நீளமாக இருப்பதுதான் முக்கியம், காரணம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று இருக்கிறது. ஏனென்றால் கஷ்டமான சொல்லை மனிதன் மறந்துவிடுவான், அல்லது கணனித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பான்.

சம்பந்தமில்லாத நான்கு சொற்களை எடுத்து ஒன்றாகச் சேருங்கள். உங்கள் உம்மா சமையலறையில் பாவித்த ஒரு பாத்திரம், சின்ன வயதில் ஏறிய ஒரு மரம், இப்படி. நீளமாகவும் இருக்கும், உங்களுக்கு மறக்கவும் மறக்காது. ஆனால் ஒரு இடத்தில் வைத்ததை இன்னொரு இடத்தில் வைக்கக்கூடாது. ஃபேஸ்புக்கின் சொல்லும் கடன் கொப்பியின் சொல்லும் ஒன்றாக இருந்தால், அங்கே களவு போனால் இங்கேயும் போகும்.

ரூட்டின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, கடித உறையில் ஒட்டி, வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தெரியும். எழுதி வைக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் நாளை நான் மௌத்தாகிவிட்டால், நான் யாருக்குத் தரவேண்டும், யார் எனக்குத் தரவேண்டும் என்பது வாரிசுகளுக்குத் தெரிய வேண்டும். கடனை அடைத்த பிறகுதான் சொத்தைப் பிரிக்கலாம் என்பது எங்கள் மார்க்கத்தின் சட்டம். யாராலும் திறக்க முடியாத கணக்கும் ஆபத்துத்தான்.

அமானிதம்

இந்த நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி இன்னொருவரின் கணனிக்குள் நுழைவது குற்றம். ஆனால் அது நுழைபவருக்கான சட்டம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் ஆக்கப்பட்டது. அது மற்றவர்களின் தகவலை வைத்திருப்பவரின் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதி வைத்திருக்கும் நாங்களும் அந்தச் சொல்லுக்குள் வருவோம் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத்தை விடுங்கள். குர்ஆனில் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது எங்கள் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். எழுதிவிட்டோம். எழுதியதைக் காப்பது யார் வேலை? கடன் கொப்பியில் இருப்பது என் பணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பணம் என்னுடையது, சரி. ஆனால் அதில் இருக்கும் பெயர் அவருடையது, மானமும் அவருடையது. அவை என்னிடம் இருக்கும் அமானிதம்.

எல்லாம் செய்து முடித்த பிறகு அந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். "உங்கட விசயம் என் கடையிலிருந்து போச்சா என்று எனக்குத் தெரியாது மாஸ்டர். ஆனால் போகக்கூடிய மாதிரி நான் வச்சிருந்தேன். அதுக்கு மாப்புக் கேட்க வந்தேன்." அவர் கோபிக்கவில்லை. மகளின் காரியம் நல்லபடி நடந்துவிட்டது, பரவாயில்லை என்றார். தேத்தண்ணியும் தந்தார். அடுத்த மாதம் கடனை முழுவதும் அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் கடைக்கு வருகிறார், சிரித்துக் கதைக்கிறார், சாமானும் வாங்குகிறார். கடனுக்கு மட்டும் எழுதச் சொல்வதில்லை. அந்த நம்பிக்கையை எந்தக் கடவுச்சொல்லாலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை கடை பூட்டுவதற்கு முன், உங்கள் கடை வைஃபையில் உங்கள் சொந்தப் போனை இணைத்து, கணக்குக் கணனியின் முகவரியை அதில் தட்டிப் பாருங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒன்றும் திறக்கவில்லை என்றால் அல்ஹம்துலில்லாஹ். திறந்துவிட்டால், உங்கள் லாச்சியின் திறப்பு இப்போது தெருவில் கிடக்கிறது. போய் எடுத்து வாருங்கள்.